ஏரிக்கரையைத் திரும்ப வாங்கியவர்கள்

2019 ஜூன் மாதம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குத் தண்ணீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டு தரை தெரியக் கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர அரசு ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டால் குடத்தோடு ஓடுவதுதான் அன்றாடம். அந்தக் கோடையில் சிட்லபாக்கத்து மக்கள் தங்கள் ஏரிக்குள் இறங்கினார்கள்.

‘சிட்லபாக்கம் ரைசிங்’ என்ற குடியிருப்போர் குழு கூப்பிட்டது. வார இறுதிகளில் வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வுபெற்றவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், வீட்டில் சமையலை முடித்துவிட்டு வந்த பெண்கள் என்று எல்லோரும் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் இருக்கும்போது யாராலும் நெருங்க முடியாத ஏரியின் அடிப்பகுதி, வறட்சியால் வெட்டவெளியாகக் கிடந்தது. பிளாஸ்டிக் பை, உடைந்த கண்ணாடி, கட்டட இடிபாடு, பழைய மெத்தை என்று மூட்டை மூட்டையாக அள்ளி வெளியே போட்டார்கள். பல ஆண்டுகளாகப் பேரூராட்சியின் குப்பையே ஏரியோரத்தில்தான் கொட்டப்பட்டு வந்தது. ஒரு காலத்தில் எண்பது ஏக்கருக்கு மேல் இருந்ததாகச் சொல்லப்படும் ஏரி, ஏறக்குறையப் பாதியாகச் சுருங்கியிருந்தது.

அவர்கள் அள்ளிய குப்பையால் மட்டும் ஏரி பிழைத்துவிடவில்லை. ஊர் மொத்தமும் ஏரிக்குள் நிற்கிற காட்சி செய்தியானது. அதே ஆண்டு அரசு அந்த ஏரிக்காக 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. கரை உயர்ந்தது, அதன்மேல் நடைபாதை வந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துபோன இடத்தில் இன்று காலையும் மாலையும் மக்கள் நடக்கிறார்கள்.

தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் தொண்டர்கள் மீட்டுக் கொடுத்த நடைபாதைகளைப் பற்றிய கட்டுரை இது. உடற்பயிற்சிக்கு இடம் கிடைத்ததைப் பற்றி மட்டும் பேசுவதாக இருந்தால் இவ்வளவு பக்கம் வேண்டாம். என் கருத்து இதுதான்: எந்த ஏரியின் கரையில் ஊர் மக்கள் தினமும் நடக்கிறார்களோ, அந்த ஏரி திருடு போவது கடினம். வேலி, பெயர்ப்பலகை, நீதிமன்ற உத்தரவு எல்லாவற்றையும்விட அந்தக் கால்கள் பெரிய காவல்.

கரை என்பதே பாதைதான்

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்தை ஏரி மாவட்டம் என்று சொல்வது வெறும் பெருமைப் பேச்சில்லை. ஆறு பெரிதாக இல்லாத நிலத்தில் மழைநீரைத் தேக்கித்தான் இங்கே நெல் விளைந்தது. சரிவின் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண்கரை, தண்ணீர் திறக்க மதகு, நிறைந்தால் வழிந்தோடக் கலங்கல். ஒரு ஏரியின் கலங்கலில் வழிந்த நீர், அடுத்த ஏரிக்கு வரத்து. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேரும் சங்கிலி இது. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற அந்தச் சதுப்பு நிலத்தின் தலைவிதி, மேலே இருக்கும் இந்தச் சின்ன ஏரிகளின் கையில்தான் இருக்கிறது.

அந்த மண்கரையின் மேல் எப்போதும் ஒரு தடம் இருந்தது. மதகைத் திறந்து மூடுகிறவர் தினமும் அதில் நடந்தார். நீர்க்கட்டி, நீராணி என்று அவருக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். நண்டு வளை தோண்டியிருக்கிறதா, கரையில் கசிவு இருக்கிறதா, மதகில் சருகு அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதே அவருடைய வேலை. மாடு ஓட்டுகிறவர்கள், புல் அறுக்கிறவர்கள், பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் வழி. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டின் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, ஏரியைக் கவனிக்க ‘ஏரி வாரியம்’ என்று தனியாக ஒரு குழு இருந்ததைச் சொல்கிறது. ஏரியைக் கண்காணிப்பது ஊரின் வேலை என்ற எண்ணம் இங்கே ஆயிரம் ஆண்டுப் பழசு.

நெல் வயல் மனையானபோது அந்தத் தடம் அறுந்தது. பாசனம் இல்லாவிட்டால் மதகுக்கு வேலையில்லை, மதகுக்கு வேலையில்லாவிட்டால் நீர்க்கட்டியும் இல்லை. யாரும் நடக்காத கரையில் வேலிகாத்தான் என்கிற சீமைக் கருவேலம் மண்டியது. முள் மண்டிய இடத்துக்கு யாரும் போகாததால் குப்பை வண்டியும் கழிவுநீர் லாரியும் போயின. பிறகு நாலு கல் ஊன்றி ஒரு கொட்டகை வந்தது. சாலைகள் தங்கள் பங்குக்கு ஏரிகளைப் பிளந்தன. பல்லாவரம் துரைப்பாக்கம் 200 அடிச் சாலையில் போகிறவர்கள் இருபுறமும் பார்த்தால் போதும். பல்லாவரம் பெரிய ஏரி, கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி என்று வரிசையாகக் கிழித்துக்கொண்டு அது போயிருக்கிறது.

கணக்கு 2015 டிசம்பரில் தீர்க்கப்பட்டது. டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு வீட்டுக்குள் வந்தது, படகில் மக்களை மீட்டார்கள். எந்த மனை எந்த ஏரியின் வாயில் இருக்கிறது என்று பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏரி என்ற சொல்லைக் கேட்டால் கொசு என்று மட்டும் நினைத்த குடியிருப்புகளில், அதற்குப் பிறகு வரத்துக் கால்வாயைத் தேடி வரைபடத்தோடு நடக்கிறவர்கள் வந்தார்கள்.

முடிச்சூர்க்காரர் ஒருவர்

சிலர் அதற்கும் முன்பே நடக்கத் தொடங்கியிருந்தார்கள். முடிச்சூரில் வளர்ந்த அருண் கிருஷ்ணமூர்த்தி, சிறுவயதில் விளையாடிய நீர்நிலைகள் குப்பைமேடாவதைப் பார்த்து, கூகுள் வேலையை விட்டுவிட்டு இந்தியச் சுற்றுச்சூழல் ஆர்வலர் அறக்கட்டளையை முழுநேரமாக நடத்த வந்தவர். இ.எஃப்.ஐ. என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். கீழ்க்கட்டளை ஏரியை மீட்கும் திட்டத்துக்காக 2012-ல் அவருக்கு ரோலெக்ஸ் விருதின் இளையோர் பிரிவில் பரிசு கிடைத்தது. மாடம்பாக்கம், கீழ்க்கட்டளை, முடிச்சூர் என்று இந்தப் பகுதியில் அவர்கள் கைவைத்த நீர்நிலைகள் பல. செம்பாக்கம் ஏரியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் அறக்கட்டளை, சென்னை ஐ.ஐ.டி. ஆகியவை சேர்ந்து வேலை செய்தன. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி, அரசின் அனுமதி, தொண்டர்களின் உழைப்பு மூன்றும் கலந்தால்தான் ஒரு கரை எழும்புகிறது.

வேலை எப்படி நடக்கிறது என்று வெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். முதல் சிக்கல், ஏரி யாருடையது என்பது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரி என்றால் முன்பு பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் அல்லது உள்ளாட்சி. புறம்போக்கு விவரம் வருவாய்த் துறையிடம் இருக்கும். ஒரு மண்வெட்டி கரையில் விழுவதற்கு முன் இந்த வாசல்களில் எல்லாம் ஏறி இறங்கிக் கடிதம் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கையுறையோடு நிற்கிறவர்களைப் படம் எடுக்கிறோம். வேலை நாளில் விடுப்பு போட்டு, கோப்பைப் பின்தொடர்ந்து அலுவலகத்தில் காத்திருக்கிறவரைப் படம் எடுப்பதில்லை. தொண்டில் பாதி அந்தக் காத்திருப்புதான்.

அனுமதி வந்த பிறகு முள் வெட்டு. சீமைக் கருவேலத்தை மேலே மட்டும் வெட்டினால் மழைக்கு இரண்டு மடங்காகத் துளிர்க்கும், வேரோடு பிடுங்க வேண்டும். அதற்கு ஜே.சி.பி. தேவை, டீசலுக்கு வசூல் தேவை. ஏரியிலிருந்து எடுத்த வண்டலை உலர்த்திக் கரையில் போட்டு, மேலே கிராவல் கொட்டி, உருளை ஓட்டி இறுக்க வேண்டும். தடத்தின் நடுப்பகுதி கொஞ்சம் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்தால்தான் மழைநீர் தேங்காமல் வடியும். சரிவில் வெட்டிவேரும் புல்லும். கரையின் உச்சியில் பெரிய மரம் வைக்கக்கூடாது. அது பட்டுப்போனால் வேர் இருந்த இடம் பொந்தாகி அங்கேதான் கரை உடையும். பனை விதையைக் கரையின் வெளி அடிவாரத்தில் ஊன்றினால் போதும், தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டியதில்லை. இத்தனையும் வடகிழக்குப் பருவமழை இறங்கும் அக்டோபருக்கு முன்னால் முடிய வேண்டும். அனுமதி செப்டம்பரில் வந்தால் அந்த ஆண்டு போனதுதான்.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நடைபாதை என்றதும் நம் உள்ளாட்சிகளுக்கு பேவர் பிளாக்கும் எவர்சில்வர் கைப்பிடியும் வண்ண விளக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. ஏரியைச் சுற்றி சிமென்ட் வளையம் போட்டு, நான்கு பக்கமும் கல் பதித்துவிட்டால் அது தொட்டி ஆகிவிடும். சரிவான மண்கரையில்தான் தாழைக்கோழி நாணலுக்குள் கூடு கட்டும். ஆள்காட்டிக் குருவி வெறும் தரையில் கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக முட்டை இடும். இரவெல்லாம் எரியும் விளக்கு கொக்கையும் நாரையையும் துரத்தும். எனவே மண்தடம் போதும். இரண்டு பேர் பேசிக்கொண்டு நடக்கிற அகலம் போதும். கரை இருக்கிற பக்கம் மட்டும் நடந்தால் போதும், தண்ணீர் வந்து இறங்கும் மேட்டுப்பக்கத்தைப் பறவைகளுக்கு விட்டுவிடலாம். முழுச் சுற்று நடக்க முடியவில்லையே என்று குறைப்படுகிறவர்கள் போய்த் திரும்பி வரட்டும், தூரம் ஒன்றுதானே.

1937

தாம்பரத்துக்கு நடைத்தடம் புதிதில்லை. சென்னை ஜார்ஜ் டவுனில் நெரிசலில் இருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-ல் இங்கே இடம்பெயர்ந்தது. சேலையூர்க் காட்டின் ஒரு பகுதியான ஏறக்குறைய 365 ஏக்கர் புதர்நிலம் அதற்குக் கிடைத்தது. வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் அந்த வளாகத்தில் மரம் வளர்ப்பதைத் தங்கள் வாழ்க்கை வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள். சம்பளத்துக்கு வேதியியல், மனதுக்கு மரம். இன்று ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலிலிருந்து உள்ளே திரும்பினால் புள்ளிமானும் மரங்கொத்தியும் இருக்கிற ஒரு காட்டுக்குள் மண்பாதை போகிறது என்றால், அது அவர்கள் போட்ட விதை.

அதே 1937-ல்தான் அமெரிக்காவில் அப்பலாச்சியன் தடம் முழுமை பெற்றது. 14 மாநிலங்கள் வழியாகச் சுமார் 3,500 கிலோமீட்டர் நீளும் அந்த மலைப்பாதையை பென்டன் மக்காய் என்பவர் 1921-ல் ஒரு கட்டுரையில் யோசனையாக எழுதினார். பதினாறு ஆண்டில் பாதை உருவானது. அதைவிட முக்கியமானது பிறகு நடந்தது. வழியில் உள்ள ஊர்களின் நடைச் சங்கங்கள், சுமார் முப்பது, ஆளுக்கொரு துண்டாகப் பாதையைப் பிரித்துக்கொண்டு இன்றுவரை பராமரிக்கின்றன. விழுந்த மரத்தை அறுப்பது, மழையில் அரித்த இடத்தை நிரப்புவது, வழிக்குறியைப் புதுப்பிப்பது எல்லாம் அந்தந்த ஊர்த் தொண்டர்கள். பாதையைப் போட ஒரு தலைமுறை, காக்க எத்தனையோ தலைமுறை.

நமக்கு இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது அந்தத் துண்டு பிரிக்கும் முறை. ஒரு கரையை நூறு மீட்டர் நூறு மீட்டராக அளந்து, ஒவ்வொரு துண்டையும் பக்கத்துத் தெருவின் பொறுப்பில் விட்டால் போதும். சிட்லபாக்கத்தில் ஊரே இறங்கியது ஒரு பெரிய கோடைக்காலத்து உணர்ச்சி. உணர்ச்சி வடிந்த பிறகு மாதாமாதம் மூட்டை தூக்க யார் வருகிறார்கள் என்பதில்தான் ஏரியின் ஆயுள் இருக்கிறது.

மலையும் காடும் வேறு கதை. மேடவாக்கம் சாலையில் நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. சுமார் 320 ஹெக்டேர், கைவிடப்பட்ட கல்குவாரிகளில் கொம்பன் ஆந்தை வாழும் இடம். அங்கே ஆர்வத்தில் புதுத்தடம் வெட்டுவது தொண்டு ஆகாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பிறகு, மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. 2024-ல் வனத்துறை 40 பாதைகளை முறைப்படி திறந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களை, குறிப்பாகப் பழங்குடி இளைஞர்களை, வழிகாட்டிகளாக வைத்தது. பாதையால் அந்த ஊருக்கு வருமானம் என்பது நல்ல தொடக்கம். காட்டில் அனுமதியோடு, வழிகாட்டியோடு நடப்போம். தினசரி நடைக்கு ஏரிக்கரை இருக்கிறது.

யாருக்கான கரை?

பாதை வந்தால் மனை விலை ஏறுகிறது. ‘ஏரி பார்த்த வீடு’ என்று விளம்பரம் வருகிறது. கூடவே, கரையோரம் இருபது முப்பது ஆண்டாகக் குடியிருக்கும் தினக்கூலிக் குடும்பங்களை முதலில் அகற்றச் சொல்லும் குரலும் வருகிறது. 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் குடிசைக்கும் கல்யாண மண்டபத்துக்கும் ஒன்றுதான். புல்டோசர் எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறது என்பதைத் தொண்டர்கள் கவனிக்க வேண்டும். ஏரி நிலம் ஏரிக்குத் திரும்ப வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் மாற்று வீடு கையில் கொடுக்காமல் பள்ளிக்கூட நாளில் ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டுப் போடும் நடைபாதையில் நிம்மதியாக நடக்க முடியாது. கரையில் மாடு மேய்ப்பவரும் வலை வீசுபவரும் நமக்கு முந்தியவர்கள். மாடு வரக்கூடாது என்று இரும்புக் கதவு போட்டுவிட்டு, நடைப்பயிற்சிக்கு மட்டும் சாவி கொடுப்பது அநியாயம்.

கழிவுநீர்தான் மீதமுள்ள பெரிய வியாதி. குப்பையைக் கையால் அள்ளலாம், சாக்கடையைக் கையால் அள்ள முடியாது. பாதாளச் சாக்கடை எல்லாத் தெருக்களுக்கும் வந்து, சுத்திகரித்த நீர் மட்டும் ஏரிக்கு வரும்வரை ஆகாயத்தாமரை திரும்பத் திரும்ப முளைக்கும். தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி பிறந்தது. பழைய எல்லைக்கோடுகளால் பங்கு போடப்பட்டிருந்த ஏரிச் சங்கிலியின் பெரும்பகுதி முதன்முறையாக ஒரே நிர்வாகத்தின்கீழ் வந்தது. சேலையூரின் சாக்கடைக்குச் செம்பாக்கத்தைக் கைகாட்டும் சாக்கு இனி இல்லை. தொண்டர்கள் செய்த வேலையைக் காட்டித் திறப்பு விழா நடத்தும் மாநகராட்சி, தன் பங்கான சாக்கடை வேலையை முடித்துக் காட்ட வேண்டும்.

2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் அரசு 38 மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைத்தடங்களை அறிவித்தது. மாவட்டத்துக்கு ஒன்று நல்லதுதான். ஆனால் காலையில் பால் வாங்கிவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டிய ஒரு பெண் மாவட்டத் தலைநகருக்குப் போய் நடக்க மாட்டார். அவருக்குத் தெருமுனையில், வெளிச்சம் வந்ததும் பயமில்லாமல் இறங்கக்கூடிய அரை மணி நேரப் பாதை வேண்டும். ஏரிக்கரை அதைத் தரும். நாலு பெண்கள் தைரியமாக நடக்கத் தொடங்கிய கரையில் சாராயப் பாட்டில் உடைக்கும் கூட்டம் தானாக இடம் மாறுகிறது.

அடுத்த வேலை ஊராட்சிகளில் இருக்கிறது. மாநகராட்சி அமைந்தபோது அதில் சேராமல் நின்ற அகரம்தென், மதுரப்பாக்கம், திருவஞ்சேரி, வேங்கைவாசல், ஒட்டியம்பாக்கம், முடிச்சூர் போன்ற ஊர்களில் இன்னும் ஏரிக்கு ஏரி வடிவம் இருக்கிறது, கரைக்குக் கரை வடிவம் இருக்கிறது. சில இடங்களில் இன்னும் நெல்லும் இருக்கிறது. அடுக்குமாடிகள் வேகமாக வந்துகொண்டிருக்கின்றன. சிட்லபாக்கத்தில் 25 கோடி ஒதுக்கி மீட்டதை, இங்கே இப்போதே ஒரு மண்தடம் போட்டுச் சொற்ப செலவில் காப்பாற்றிவிடலாம்.

இந்த ஊர்களில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். உங்கள் ஏரியின் சர்வே எண்ணையும் பரப்பளவையும் முதலில் கேளுங்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். கரையை அளந்து எல்லைக்கல் நடவும், முள் அகற்றி இரண்டு பேர் நடக்கும் அகலத்தில் மண்தடம் அமைக்கவும், அதைத் தெருவாரியாகப் பராமரிக்கவும் ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள். தீர்மானம் நிறைவேறும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு, பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, மதகிலிருந்து கலங்கல்வரை ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள்.